இடது கைக்கு எலெக்ட்ரிக் கிட்டார்: அண்ணனுடையதைத் திருப்பிப் போட்டால் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். எழுதுவது, பந்து எறிவது, பல் துலக்குவது எல்லாமே உங்களுக்கு இடது கை. அண்ணன் வாங்கி வாசிக்காமல் விட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, ஆனால் அது வலது கைக்கானது. அதில் தந்திகளை மட்டும் தலைகீழாக மாற்றிப் போட்டு வாசிக்கலாமா, புதிதாக இடது கை கிட்டார் வாங்குவதா, இல்லை "ரெண்டு கைக்கும் வேலை புதுசுதான், பேசாமல் வலது கை முறையிலேயே பழகு" என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்பதா? கூடவே, இடது கையால் வாசித்த ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸே திருப்பிப் போட்டுத்தானே வாசித்தார் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பித்தான் நானும் ரெண்டு வருஷத்தை வீணடித்தேன், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாளம் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கைதான் தந்தியை மீட்ட வேண்டும். எந்தக் கையில் எழுதுகிறீர்கள் என்பதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். தாளம் இடது கையில்தான் என்று தெரிந்துவிட்டால் இடது கைக்கென்றே செய்த கிட்டாரை வாங்கிவிடுங்கள். அண்ணனுடையதைத் திருப்பிப் போடுவதெல்லாம் அது வந்து சேரும்வரை ஓட்டுவதற்கு மட்டும்.

ஆசிரியர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வலது கை முறையில் ஃப்ரெட்டுகளுக்கு (கிட்டாரின் கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள்) மேல் ஓடி ஓடி விரல் வைப்பது இடது கைதான், பார்ப்பவர் கண்ணுக்குக் கடினமாகத் தெரியும் வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது, அப்படியானால் இடது கை பழகியவருக்கு அது லாபம்தானே என்பார்கள். இடது கை பியானோ என்று ஒன்று இல்லையே, ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம்தானே வில் பிடிக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். உலகத்தில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். விரல் வைக்கும் வேலைதான் பெரிய வேலை என்றால் அத்தனை பேரும் தங்கள் நல்ல கையை அங்கே அனுப்பாமல் ஏன் தந்தியை மீட்ட வைத்திருக்கிறார்கள்?

ஏனென்றால் விரல் வைப்பது பார்க்கத்தான் கஷ்டம், பழகப் பழக வந்துவிடும். எப்போது அடிப்பது, எவ்வளவு அழுத்தி அடிப்பது, நடுவில் எந்தத் தந்தியைத் தொடாமல் தாண்டுவது, உள்ளங்கை ஓரத்தால் எங்கே அமுக்கிச் சத்தத்தைக் குறைப்பது, இதெல்லாம் மீட்டும் கையின் பொறுப்பு. எலெக்ட்ரிக்கில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் வசதி) போட்டுவிட்டால் வாசிக்காத தந்தி லேசாக அதிர்ந்தால்கூட ஆம்ப்பில் இரைச்சலாக வந்து நிற்கும், அதை அடக்கி வைப்பதில் பாதி வேலை மீட்டும் கையின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒருவருடைய வாசிப்பைக் கேட்டு "இவர் கை நல்லா பேசுது" என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கையைப் பற்றித்தான்.

வீட்டில் கிட்டார் இருப்பதால் நீங்கள் இன்றைக்கே சோதித்துவிடலாம், தந்தியைக்கூட மாற்ற வேண்டாம். பழைய காலுறை ஒன்றை எடுத்து நெக்கின் நடுவில் தந்திகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள், ஆறு தந்தியும் செத்த சத்தம்தான் கொடுக்கும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 என்று வைத்து, ஒரு தட்டுக்கு ரெண்டு அடி, கீழே ஒன்று மேலே ஒன்று, ஐந்து நிமிடம் வலது கையால் அடியுங்கள். பிறகு கிட்டாரைத் திருப்பிப் பிடித்து இடது கையால் அதே ஐந்து நிமிடம். மூன்று நாளைக்கு இதையே செய்யுங்கள், ஒரு நாள் வலதில் ஆரம்பித்தால் மறுநாள் இடதில். எந்தக் கை அழகாக அடிக்கிறது என்று பார்க்காதீர்கள். அடித்துக்கொண்டே வீட்டில் யாருடனாவது பேசிப் பாருங்கள். பேச்சில் கவனம் போன பிறகும் எந்தக் கை தாளம் தப்பாமல் தன்பாட்டுக்கு ஓடுகிறதோ, அதுதான் உங்கள் கை. கண்ணாடி முன் நின்று வெறும் கையால் கிட்டார் வாசிப்பதுபோல நடித்துப் பார்க்கச் சொல்லும் சோதனையும் உண்டு. நாம் வலது கைக்காரர்கள் வாசிப்பதையே பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் அதை நான் முழுசாக நம்ப மாட்டேன்.

ரெண்டு கையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்றால் தயங்காமல் வலது கை முறையிலேயே போங்கள். உலகத்தில் உள்ள எந்தக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம், நண்பர் வீட்டில் மாட்டியிருப்பதையும் சேர்த்து, இது சின்ன லாபம் இல்லை. மார்க் நாஃப்ளர், கேரி மூர், ராபர்ட் ஃப்ரிப் மூவரும் இடது கைக்காரர்கள், மூவரும் வலது கை முறையில்தான் வாசித்தார்கள், அவர்கள் கையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஆக இடது கைக்காரர் வலது கையில் வாசித்தால் உருப்பட மாட்டார் என்றும் சொல்ல முடியாது, ஆசிரியர் சொல்வதுபோல எல்லாருக்கும் அதுவே சரி என்றும் சொல்ல முடியாது.

ஆனால் முடிவைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், சில வருஷம் ஓடிவிட்டால் பிறகு கையை மாற்றுவது பெரும்பாடு. பிளாக் சாபத் ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் கதையைக் கேட்டிருப்பீர்கள். இடது கைக்காரர், அதாவது ஃப்ரெட்டில் விரல் வைப்பது அவருக்கு வலது கை. 17 வயதில் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையின்போது அந்த வலது கையின் நடுவிரல், மோதிர விரல் ரெண்டின் நுனியும் போய்விட்டன. கையை மாற்றி வாசிக்க அதைவிட வலுவான காரணம் யாருக்கும் கிடைக்காது. அவர் மாற்றவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்து மாட்டினார், மெல்லிய தந்தி போட்டார், பின்னாளில் சுருதியைக் கீழே இறக்கித் தந்தியைத் தளர்த்தினார், பிளாக் சாபத்தின் அந்தக் கனத்த சத்தம் ஓரளவு அதிலிருந்து வந்ததுதான். கை ஒரு பக்கம் பழகிவிட்டால் மனிதன் எந்தப் பாடு பட்டாவது அதே பக்கத்தில்தான் நிற்பான் போலிருக்கிறது.

இதற்கு மறுபக்கம் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. முதலில் கிட்டாரை வலது கை முறையில் பிடித்துப் பார்த்தார், தாளம் ஓடவே இல்லை. ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் கிட்டாரை இடது பக்கம் பிடித்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான், ஓஹோ இப்படியும் பிடிக்கலாமா என்று தந்திகளை மாற்றிப் போட்டார். இதில் வேடிக்கை, விட்மன் இடது கை விரல் ஒன்றில் விபத்தில் அடிபட்டதால் அந்தப் பக்கம் பிடித்தவர். பிறகு மெக்கார்ட்னி ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார் வயலின் வடிவம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, இடது பக்கம் பிடித்தாலும் தலைகீழாகத் தெரியாது என்பதும் அதை அவர் எடுத்ததற்கு ஒரு காரணம்.

நீங்கள் கேட்காத நாலாவது வழி ஒன்றும் உண்டு. வலது கை கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, தந்திகளைத் தொடாமல் வாசிப்பது, அதாவது மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி கீழே. ஆல்பர்ட் கிங் அப்படித்தான், ஓடிஸ் ரஷ் அப்படித்தான், டிக் டேல், இன்றைக்கு எரிக் கேல்ஸ், டாயல் பிராம்ஹால் 2 எல்லாரும் அப்படித்தான். ஆல்பர்ட் கிங்கின் சுரம் வளைந்து வளைந்து அழுவதுபோலக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாமெல்லாம் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ளி வளைக்கிறோம், அவர் அதே தந்தியைத் தரையை நோக்கி முழுக் கையின் பலத்தோடு இழுத்தார். ப்ளூஸில் ஒற்றைத் தந்தியில் பாட வைப்பதுதான் ஆசை என்றால் இது மோசமான வழி இல்லை, எந்த வலது கை கிட்டாரையும் எடுத்து வாசித்துவிடலாம் என்ற வசதி வேறு. ஆனால் கார்டுகளின் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) விரல் அமைப்பு எல்லாம் தலைகீழ், கீழ்நோக்கி அடித்தால் முதலில் மெல்லிய தந்திதான் ஒலிக்கும், சொல்லித்தர ஆளே கிடைக்காது. நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. தானாக இதில் போய் விழுந்தவர்களைத் தடுப்பதும் இல்லை.

சரி, இப்போது அண்ணனின் கிட்டார்.

திருப்பிப் போடுவதற்கு ஓரளவாவது ஒத்துவரும் கிட்டார் என்றால் அது ஸ்ட்ராட் வகைதான், அந்த மட்டில் உங்களுக்கு அதிர்ஷ்டம். உடலின் ரெண்டு பக்கமும் கொம்பு இருக்கிறது, பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) நேராக இருக்கிறது, ஆறு தந்திக்கும் தனித்தனி சாடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சின்னத் துண்டு). ஆனால் தந்தியைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். என்னுடையதில் தடித்த ஈ (E) தந்தி முதல் ரெண்டு ஃப்ரெட்டில் எப்போதும் சுருதி ஏறியே ஒலிக்கும், மெல்லிய ஈ தந்தியைச் சும்மா மீட்டினால் சிதார்போல இரையும். என் காதில்தான் கோளாறு என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் நட்டைத் தொட்டுக் காட்டி, "இதை மாத்தவே இல்லையா?" என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நட் என்பது நெக்கின் நுனியில் தந்திகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு. சாதாரண 10-46 செட் என்றால் மெல்லிய தந்தி 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம், நாலரை மடங்கு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் வெட்டிய பள்ளம் இருக்கும். மாற்றிப் போட்டால் தடித்த தந்தி சின்னப் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே தொங்கும். அதை ஃப்ரெட்டில் அழுத்த நீங்கள் கூடுதலாகக் கீழே தள்ள வேண்டும், தந்தி இழுபடும், சுருதி ஏறும். மெல்லிய தந்தியோ அகலமான பள்ளத்தில் இடமும் வலமுமாக ஆடும். அதனால் நட்டை மாற்றுவது முதல் வேலை. சில கிட்டார்களில் பழைய நட்டைப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி எடுத்து அதையே திருப்பி வைத்தால் உட்கார்ந்துவிடும், தற்காலிகத்துக்கு அது போதும். இடது கைக்கென்றே பள்ளம் வெட்டிய நட்டுகளும் விற்கிறார்கள். அடிப்பாகம் தட்டையா, வளைவா என்று பழையதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஸ்ட்ராட் வகையில் ரெண்டும் உண்டு.

அடுத்தது இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக ஒலிக்க வைப்பது. பிரிட்ஜில் உள்ள சாடில்கள் ஒரே வரிசையில் இல்லாமல் படிப்படியாக முன்னும் பின்னுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவை என்பதால் அதன் சாடில் பின்னால் தள்ளி இருக்கும். தந்தி மாறினால் இந்த வரிசையும் மாற வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் தள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்டில் இது ஒரு திருப்புளி வேலை, அரை மணி நேரம்.

மற்றதெல்லாம் வசதிக் குறைவுகள். நீளமான கொம்பு கீழே போய்விடும், சின்னக் கொம்பு மேலே வரும், ஸ்ட்ராப் மாட்டும் பொத்தானை அதற்கு மாற்ற ஒரு துளை போட வேண்டும் (அண்ணனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்), மாற்றிய பிறகும் நெக் பக்கம் கீழே சாயும். மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போகாமல் நீளக் கொம்பு இடிக்கும். முன்கை வசதியாகச் சாயவும் வயிற்றில் இடிக்காமல் இருக்கவும் சீவிய சரிவுகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும், விளிம்பு கையில் அழுந்தும். வால்யூம், டோன் குமிழ்கள் மேலே வந்துவிடுவதால் அடிக்கும் வேகத்தில் முன்கை பட்டு சத்தம் தானாக இறங்கும். ட்ரெமலோ கம்பி (அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பி) மேலே நிற்கும், கழற்றி வைத்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் நுனியில் தந்தியை முறுக்கும் தலைப்பகுதி) மெல்லிய தந்திகளைக் கீழே அமுக்கிப் பிடிப்பதற்கு இருக்கும் சின்னக் கொக்கியில் இப்போது தடித்த தந்திகள் போய் மாட்டும், சுருதி சேர்க்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டால் காரணம் அதுதான்.

அப்புறம் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. நெக்கின் மேல் விளிம்பில் 3, 5, 7, 9, 12 என்று ஃப்ரெட்டுகளைக் காட்டும் சின்னப் புள்ளிகள் இருக்குமே, திருப்பியதும் அவை தரையைப் பார்த்துவிடும். வாசிப்பவர் பார்ப்பது அந்தப் புள்ளிகளைத்தான், முகப்பில் உள்ள பெரிய புள்ளிகள் எதிரே இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சின்ன ஸ்டிக்கர் வாங்கி இப்போது மேலே இருக்கும் விளிம்பில் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் படியேறுவது போலத்தான்.

உங்களிடம் இருப்பது ஸ்ட்ராட் வகை என்பதால் இவ்வளவு சொன்னேன். லெஸ் பால், டெலிகாஸ்டர் வகையாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். அவற்றில் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போக உடலில் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டு, திருப்பினால் அது மேலே போய்விடும், மேல் ஃப்ரெட்டுகளை மறந்துவிட வேண்டியதுதான். லெஸ் பாலில் பிரிட்ஜே சாய்வாகப் பொருத்தியிருப்பார்கள், தடித்த தந்திப் பக்கம் பின்னால் தள்ளி. திருப்பினால் அந்தச் சாய்வு தப்பான பக்கம் போகும், சாடிலை எவ்வளவு நகர்த்தினாலும் சில தந்திகள் ஒத்துவராது, சரிசெய்ய வேண்டுமானால் மரத்தில் துளையை அடைத்து வேறு துளை போட வேண்டும். ஃப்ளாயிட் ரோஸ் பிரிட்ஜ் (தந்திகளைப் பூட்டி வைக்கும் ட்ரெமலோ வகை) இருந்தால் பூட்டும் நட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஃப்ரெட்டுகள் விசிறிபோலச் சாய்ந்திருக்கும் கிட்டார்களைப் பற்றிப் பேச்சே இல்லை, ஒவ்வொரு தந்திக்கும் நீளமே வேறு.

ஹெண்ட்ரிக்ஸுக்கு வருகிறேன். அவர் பெரும்பாலும் வலது கை ஸ்ட்ராட்டைத் திருப்பி, தந்திகளை இடது கைக்கு ஏற்ப மாற்றித்தான் வாசித்தார், அதில் சந்தேகம் இல்லை. அந்தத் திருப்பல் அவர் சத்தத்திலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி) சாய்வாக இருக்கும், மெல்லிய தந்திகளுக்குக் கீழே பிரிட்ஜை ஒட்டியும் தடித்த தந்திகளுக்குக் கீழே கொஞ்சம் தள்ளியும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒலி கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக உருண்டையாகவும் இருக்கும். திருப்பினால் இது மாறிவிடும், தடித்த தந்திகள் இறுக்கமாகவும் மெல்லிய தந்திகள் கொஞ்சம் மென்மையாகவும் ஒலிக்கும். பழைய முறை பிக்கப்பில் ஆறு காந்தத் துண்டுகளும் வெவ்வேறு உயரம், திருப்பியதும் அதுவும் தந்திகளுக்குப் பொருந்தாமல் போய்விடும். இந்தச் சத்தத்துக்காகவே ஸ்ட்ராட்டைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம், ஹெண்ட்ரிக்ஸ் பெயரில், வலது கைக்காரர்களுக்கு ஹெட்ஸ்டாக்கையும் பிக்கப் சாய்வையும் தலைகீழாக வைத்து ஒரு கிட்டார் செய்தது. ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் வலது கைக்காரர், தன் ஸ்ட்ராட்டில் இடது கை ட்ரெமலோவைப் பொருத்திக் கம்பியை மேலே வரவைத்துக்கொண்டார். நாம் வேறு வழியில்லாமல் செய்வதை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் கேட்பதற்கு ஹெண்ட்ரிக்ஸ்போல இருந்ததற்குக் காரணம் பிக்கப் சாய்வு கொஞ்சம், மீதி அந்தக் கை. பிக்கப்பை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் காத்திருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இனி உண்மையான இடது கை கிட்டார். ஃபெண்டர், ஸ்கொயர், கிப்ஸன், எபிஃபோன், ஐபனெஸ், ஷெக்டர், யமஹா என்று தெரிந்த பெயர்கள் எல்லாம் இடது கை மாடல் செய்கின்றன. ஆனால் முழு வரிசையில் நாலைந்தைத்தான் செய்வார்கள், நிறமும் பெரும்பாலும் கருப்பு அல்லது சன்பர்ஸ்ட், வலது கைக்காரர் பதினைந்து நிறத்தில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலான கடைகளில் எடுத்து வாசித்துப் பார்க்கவும் கிடைக்காது. இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். நெக்கின் தடிமன், எடை, அகலம் இவற்றை அதே மாடலின் வலது கை கிட்டாரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், பெரும்பாலான நெக்குகள் ரெண்டு பக்கமும் ஒரே வளைவுதான். சத்தத்தை அண்ணனையோ நண்பரையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரெண்டையும் பார்த்துவிட்டு இடது கை மாடலை வரவழைத்தால் பெரிய ஏமாற்றம் இருக்காது. பழைய கிட்டாராக வாங்குவதானால், விற்பவரும் குறைவு வாங்குபவரும் குறைவு, நல்லது ஒன்று கண்ணில் பட்டால் அடுத்த வாரம் வரை யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

கையில் வந்ததும் முதலில் வால்யூம் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வலது கை கிட்டாரில் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் சத்தம் ஏறும், இடது கைக் கிட்டார் கண்ணாடிப் பிரதி என்பதால் எதிர்த்திசையில் ஏற வேண்டும். இங்கேதான் பல தயாரிப்பாளர்கள் கோட்டைவிடுகிறார்கள். நம் காது சத்தத்தைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப இந்தக் குமிழுக்குள் உள்ள பொடென்ஷியோமீட்டரின் தடை சீராக ஏறாமல் ஆரம்பத்தில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும்படி செய்திருப்பார்கள், பாதி திருப்பும்போது தடை பத்து பதினைந்து சதவீதம்தான் வந்திருக்கும். இதையே எடுத்து ரெண்டு ஓரக் கால்களின் வயரை மட்டும் மாற்றிப் பற்றவைத்தால் திசை மாறிவிடும், ஆனால் ஏற்றம் கெட்டுவிடும். முழுச் சத்தத்திலிருந்து குறைத்துக்கொண்டு போனால் பாதிக்கு மேல் திருப்பியும் ஒன்றுமே நடக்காது, கடைசிக் கொஞ்சத்தில் சடாரென்று விழும். அங்கே வர வேண்டியது இடது கைக்கான தலைகீழ் லாக் (லாகரிதமிக், அதாவது மேலே சொன்ன சீரற்ற ஏற்றம்) வகை பொடென்ஷியோமீட்டர். பல தயாரிப்புகளில் சாதாரண லாக் என்றால் ஏ, நேர்கோட்டு ஏற்றம் என்றால் பி, தலைகீழ் லாக் என்றால் சி என்று எழுத்து போட்டிருப்பார்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் 500. இந்தக் கோளாறு இருக்கிறது என்பதற்காகக் கிட்டாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், மாற்றுவது சின்ன வேலை, ஆனால் தெரியாமல் இருந்தால் "இந்தக் கிட்டாரில் சத்தத்தைக் குறைக்கவே முடியவில்லை" என்று வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருப்பீர்கள். குமிழில் எண்கள் இருந்தால் அவையும் சரியான திசையில் ஏறுகின்றனவா பாருங்கள், வலது கை குமிழை அப்படியே மாட்டியிருந்தால் முழுச் சத்தத்தில் 1 என்று காட்டும்.

தந்தி செட்டில் இடது வலது கிடையாது, அதே செட்தான், யாராவது இடது கைக்குத் தனி என்று விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பிக், ஸ்ட்ராப், ஆம்ப் எல்லாம் பொது. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இறுக்கும் திசையும் எல்லாருக்கும் ஒன்றுதான், இடது கை கிட்டார் ஆயிற்றே, எதிர்ப்பக்கம் திருப்புவோம் என்று புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். எஃபெக்ட் பெடல்களில் மட்டும் ஒரு சின்ன இம்சை, பெரும்பாலானவற்றில் கேபிள் நுழையும் துளை வலது பக்கம், உங்கள் கிட்டாரின் கேபிள் இறங்குவது இடது பக்கம். காலைச் சுற்றாமல் இருக்க நீளமான கேபிளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்வதில் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. டேப் முறையில் (தந்திக்கு ஒரு கோடு போட்டு அதில் ஃப்ரெட் எண்ணைக் குறிப்பது) எழுதிய பாடங்களுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை, மேல் கோடு மெல்லிய ஈ, கீழ்க் கோடு தடித்த ஈ, அது எந்தக் கைக்கும் ஒன்றுதான். கார்டு படங்களை மட்டும் இடம் வலமாக மாற்றிப் பார்க்க வேண்டும், இடது கைக்கென்று வரைந்த படங்களும் தேடினால் கிடைக்கும், ஒரு மாதம் போனால் சாதாரணப் படத்தையே மனசுக்குள் திருப்பிப் படிக்க வந்துவிடும். ஆசிரியரிடம் நேரில் கற்கும்போது நமக்குத்தான் லாபம். வலது கை மாணவர் ஆசிரியரின் எதிரே உட்கார்ந்தால் எல்லாம் எதிர்ப்பக்கமாகத் தெரியும், நமக்கு ஆசிரியர் கண்ணாடியில் தெரியும் நம் உருவம் மாதிரி, அவர் விரல் போகும் பக்கமே நம் விரலும் போகும். உங்கள் ஆசிரியர் மறுபடியும் வலது கையிலேயே பழகு என்றால் காலுறைச் சோதனையை அவர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். அதற்குப் பிறகும் பிடிவாதமாக இருந்தால் ஆசிரியரை மாற்றுவது கையை மாற்றுவதைவிடச் சுலபம்.